விக்டர் பார்த்த மூன்று பாகங்கள்

படத்தின் பெயர் எதற்கு? மூன்று பாகம் வந்து, மூன்றும் ஓடு ஓடென்று ஓடிய படம் என்றால் போதும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர்கள்கூட அதில் யார் யாரைக் கொன்றார்கள், எதற்குக் கொன்றார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அந்தப் படத்தில் ஒரு பாகத்தைக்கூட விக்டர் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்காதது ஒரு குற்றமா என்ன? அதை ஒரு ஜீவனிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தானே, அதுதான் அவன் தேடிக்கொண்ட வினை.

முதல் பாகம் வந்த சமயத்தில் அவன் அப்பா மதலைமுத்து கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் விக்டர். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு பைக் ஷோரூம் வேலைக்குத் திரும்பிய அன்று, சர்வீஸ் பிரிவில் கூட வேலை பார்க்கும் ரஞ்சித்குமார், "அப்பா எப்பிடிடா இருக்காரு?" என்று கேட்ட அதே மூச்சில் "படம் பாத்தியா?" என்றான். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்கள். விக்டர் "ம்" என்றான்.

முதல் பாகம் பார்த்தவன் இரண்டாம் பாகம் பார்க்காமல் இருப்பானா? கிருஷ்ணகிரியில் சித்தப்பா மகனோடு போய்ப் பார்த்ததாகச் சொன்னான். மூன்றாம் பாகத்துக்கு ஷோரூமே மொத்தமாக டிக்கெட் போட்டபோது வயிற்றுப்போக்கு என்று படுத்துக்கொண்டு, மறுநாளே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டதாகச் சேர்த்துச் சொன்னான். யூடியூபில் விமர்சனம் பார்த்து, இடைவேளைக் காட்சியைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து வைத்திருந்தான்.

ஃபோனில் படத்தையே பார்த்துத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். முயன்று பார்க்காமல் இல்லை. உட்கார்ந்த போதெல்லாம் அரை மணி நேரத்தில் கண் சொருகிவிட்டது. ஆள் பறக்கிறான், வண்டி வெடிக்கிறது, இவனுக்குக் கொட்டாவி வருகிறது. நாடே கொண்டாடும் ஒன்று தனக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று பாவம் நம்பினான். அந்தப் பயத்திலேயே, படம் பார்க்காதவன் எவனாவது கையில் கிடைத்தால் ஷோரூமிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, முதல் ஆளாகக் கிண்டல் பண்ணுகிறவனும் விக்டர்தான்.

வயது முப்பதைத் தாண்டியது. அம்மா ராயம்மாள் கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்திக்கு அளவில்லை. கடைசியில் அத்தை சகாயராணிதான் கம்பைநல்லூரில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். பெயர் தெரசா. பால் சொசைட்டியில் பால் டெஸ்ட் எடுக்கிற வேலை. போட்டோவைப் பார்த்ததுமே விக்டருக்குப் பிடித்துவிட்டது. பார்க்கப் போவதற்கு முன்னால் ரஞ்சித்குமார் ஓதி அனுப்பினான்: "தனியா பேச விடுவாங்க. மொதல்ல அந்தப் படம் பாத்துருக்காளான்னு கேளு. பாக்கலன்னா யோசிச்சுக்க மச்சான், காலம் பூரா பேச்சே இருக்காது."

தனியாகப் பேச விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால், புளி காயப்போட்டிருந்த களத்து ஓரம். நேரில் தெரசா போட்டோவைவிட நன்றாக இருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாத விக்டருக்குப் படிக்கக் கொடுத்த கேள்விதான் வாயில் வந்தது.

"அந்தப் படமெல்லாம் பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றாள் அவள், சாதாரணமாக. "வெடியக்காலம் சொசைட்டி தெறக்கணும், எட்டு மணிக்கெல்லாம் படுத்துருவேன். ஒருவாட்டி டிவில போட்டாங்க, உக்காந்தேன். அரை மணி நேரத்துல தூங்கிப்போயிட்டேங்க." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

விக்டருக்கு நெஞ்சு குதித்தது. இந்த மாவட்டத்தில் தன்னைப்போல இன்னொரு உயிர் இருக்கிறது! 'நானும் பார்க்கலைங்க, எனக்கும் தூக்கம்தான் வருது' என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இத்தனை வருஷம் ஷோரூமில் பழகிய வாய் அது.

"என்னங்க, இன்னுமா பாக்கல? எந்த லோகத்துல இருக்கீங்க? வத்தல்மலை மேல இருக்கறவங்ககூட மூணு பாகமும் பாத்துட்டாங்க!"

ஹஹ்ஹா என்று சிரிக்கவும் செய்தான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாக்காதது தப்புங்களா?"

"தப்புன்னு இல்ல... நாலு பேரு பேசறப்ப நாமளும் பேசணும்ல?"

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் காலால் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளிக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் 'ஆமாங்க', 'இல்லீங்க'தான்.

அந்த வாரமே பதில் வந்தது. பெண்ணுக்கு இஷ்டமில்லையாம். சகாயராணி வீட்டு வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள். "அப்பிடி என்னடா சொன்ன? 'எனக்கு ஒண்ணும் தெரியலன்னு மொத நாளே சிரிக்கிறவரு, கட்டிக்கிட்டா நாலு பேரு முன்னால வெச்சுச் சிரிப்பாரு'ன்னு சொல்லுதாம் அந்தப் பொண்ணு."

"அத்தை, நானும் அந்தப் படத்தப் பாக்கல. அதப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்க."

"பாக்காமயே பாத்தேன்னு பீத்தினியா? அதச் சொன்னா இன்னும் கேவலம்டா," என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு சினிமாவை இவ்வளவு பெரிய விஷயமாக்கியவன் தன் அண்ணன் மகன் என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தானே நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று விக்டர் நினைத்தான். பால் சொசைட்டி எங்கே இருக்கிறது என்பதுகூட விசாரித்து வைத்திருந்தான். தவக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். ஈஸ்டர் முடிந்ததும் ஷோரூமில் வேலை நெருக்கடி. அது ஓய்ந்ததும், இப்போது போய் நின்றால் என்ன நினைப்பாளோ என்று ஒரு தயக்கம். போகிற ஆள் அன்றைக்கே போயிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் பெயரைக் கோயிலில் எல்லாருக்கும் அறிவிப்பதுதான் ஓலை. மாப்பிள்ளை இதே ஊர் லூர்துசாமி, ஹாலோபிளாக் கம்பெனியில் டெம்போ ஓட்டுகிறவன். பெண், கம்பைநல்லூர் தெரசா. நல்ல பெண்ணை விட மனசில்லாமல் சகாயராணிதான் ஊருக்குள்ளேயே வேறு இடம் காட்டியிருக்கிறாள். "இவர்களுக்குத் திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் என்னிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் ஒப்புக்குச் சொல்கிற வரிதான். அன்றைக்கு விக்டருக்கு அது தன்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. தடை என்று சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? வயிறு எரிவதெல்லாம் தடையாகுமா? தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் லூர்துசாமியைச் சுற்றி ஒரே கலகலப்பு. விக்டரும் போய்க் கை கொடுத்தான்.

"பொண்ணு பாக்கப் பயந்துக்கிட்டேதாண்ணா போனேன்," என்றான் லூர்துசாமி, வெள்ளையாக. விக்டர் அதே பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த கதை அவனுக்குத் தெரியாது. "தனியா நிக்கிறோம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அதுவே கேக்குது, அந்தப் படமெல்லாம் பாத்துருக்கீங்களான்னு. போச்சுடான்னு நெனச்சேன். லோடு ஏத்தி எறக்கறதுல எனக்கு எங்கண்ணா படம்? பாக்கலங்கன்னு சொல்லிட்டேன். அது மூஞ்சியப் பாக்கணுமே நீங்க! அவ்ளோ சந்தோசம். வேற ஒரு கேள்வியும் கேக்கலண்ணா. உள்ள போய் சரின்னு சொல்லிருச்சு."

விக்டருக்குப் புரிந்தது. அவள் மனசில் தன் நினைவாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அதை வைத்துத்தான் அவள் அடுத்தவனை அளந்திருக்கிறாள். களத்து ஓரத்தில் சொல்லியிருக்க வேண்டியது, அத்தை சொல்லாமல் விட்டது, சொசைட்டி வாசலில் போய்ச் சொல்லாமல் போனது, எல்லாம் இப்போது தானாக வாயில் வந்தது.

"நானும் பாக்கலடா லூர்து. ஒரு பாகம்கூடப் பாக்கல."

லூர்துசாமி வாய்விட்டுச் சிரித்து அவன் தோளில் தட்டினான்.

"சும்மா இருங்கண்ணா. எனக்காகச் சொல்றீங்களா? போன வருசம் இதே எடத்துல, நான் பாக்கலன்னு சொன்னதுக்கு என்ன ஓட்டு ஓட்டுனீங்க!"