முன்கழனி

மேசையின் மேல் ஒரு கைப்பேசி. அதற்கு மேலே கம்பியில் தொங்கிய சின்ன கேமரா முகத்தைப் பிடிக்காது, விரல்களை மட்டும்தான் பிடிக்கும் என்று சுகிர்தா சொன்னாள். பாக்கியமேரி நம்பவில்லை.

"அப்ப நீ எதுக்கு என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற?"

"நாங்க உங்கள சோதிக்கலம்மா. இந்த ஆப்பைத்தான் சோதிக்கிறோம். எந்த இடத்துல கஷ்டமா இருக்குன்னு தெரியணும்."

"அப்ப அத்தப் பாரு."

நெல் அறுக்கும் மெஷினுக்கு முன்பதிவு செய்யும் செயலி அது. சுகிர்தாவின் கம்பெனி செய்தது. உத்திரமேரூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, இந்த ஊரின் சமுதாயக் கூடத்தில், ஒவ்வொருவராக உட்காரவைத்து அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. இன்று செய்யும் பதிவு ஒத்திகை இல்லை, நிஜம். திங்களும் செவ்வாயும் மெஷின் இங்கே இருக்கும். அதன்பின் திருப்புட்குழிப் பக்கம் போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பதிவு மூடிவிடும்.

பார்ப்பவருக்கு ஒரே விதி. சொல்லித்தரக் கூடாது, கை காட்டக் கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது.

பாக்கியமேரி சர்வே நம்பரைத் தட்டினாள். எழுபது சென்ட், குத்தகை நிலம். திங்கட்கிழமையைத் தொட்டாள். 'உறுதி செய்' என்ற பச்சைப் பொத்தான் வந்தது. அவள் விரல் அதற்கு மேலே வந்து நின்றது. குளத்தில் இறங்கலாமா என்று யோசிக்கும் கொக்கைப்போல, தொடாமல் நின்றது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

காலையிலிருந்து வந்த மூன்று பேரும் இதே இடத்தில்தான் நின்றார்கள். இரண்டு பேர் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார்கள். 'பொத்தான் கண்ணில் படவில்லை. கவனம் சிதறுகிறது' என்று சுகிர்தா எழுதியிருந்தாள். நான்காவது முறையும் அதையே எழுதினாள்.

"என்ன யோசிக்கிறீங்க? சொல்லிக்கிட்டே செய்யுங்க."

"முன்கழனிக்காரன் என்னிக்கு அறுக்கறான்னு இதுல எங்க கீது?"

சுகிர்தா பதில் சொல்லக் கூடாது. வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். முத்துவேல். அடுத்த முறை அவருடையது.

"அழுத்துமே. மெஷினு ஆகாசத்துல பறந்து வந்து உன் கழனில எறங்கும்."

"சார், கொஞ்சம் வெளிய உக்காருங்க," என்றாள் சுகிர்தா.

"எங்க ஊரு கூடத்துல என்னிய எழுந்துக்கச் சொல்றியா நீ?"

பாக்கியமேரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுகிர்தாவிடம்தான் பேசினாள். ஆனால் அவர் காதில் விழவேண்டும் என்று பேசினாள்.

"ரோட்டோரம் இவரு கழனி. பின்னால என்னுது. இவரு அறுத்தாத்தான் மெஷினு உள்ள வரும். போன வருசம் இவரு நடவுக்கு நான் போவல, வேற எடத்துக்குப் போனேன். அதுக்கு நாலு நாளு அறுக்காம வெச்சிருந்தாரு. மழ வந்துச்சி. என் நெல்லு அத்தினியும் சாஞ்சி தண்ணியிலயே மொளச்சிப்போச்சி."

"என் நெல்லு. எப்ப வேணா அறுப்பேன்."

"இந்த வருசம்?"

"பாக்கலாம். இப்பதான் கேக்கத் தெரியுதா?"

வெளியே புரட்டாசி வெயிலில் வானத்தின் ஒரு மூலை கறுத்திருந்தது. சுகிர்தா தன் தாளைப் பார்த்தாள். பொத்தான் நால்வர் கண்ணிலும் நன்றாகவே பட்டிருக்கிறது. போன் செய்யப் போனவர்கள் அவரவர் முன்கழனிக்காரரைக் கேட்கப் போயிருக்கிறார்கள். நான்கு வரிகளையும் அடித்தாள். அடித்த கோடு தாளைக் கிழித்தது.

பாக்கியமேரியின் விரல் மறுபடி அசைந்தது. பின்னால் போனாள். வேறொரு சர்வே நம்பரை, ஒரு இலக்கமும் தடுமாறாமல், தட்டினாள். பன்னிரண்டு வருடம் நாற்று நட்ட முன்கழனியின் நம்பர். திங்கள், காலை ஏழு மணி. செல் நம்பர் கேட்டது. அதையும் போட்டாள். அது முத்துவேலின் மோட்டார் கொட்டகைச் சுவரில், டிராக்டர் வாடகைக்கு என்பதன் கீழே, முழ நீள எண்களில் எழுதியிருப்பது. ஊரில் யாருக்குத் தெரியாது.

சுகிர்தா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

'உறுதி செய்.' அடுத்து தன் எழுபது சென்ட், திங்கள், காலை பதினொன்று. 'உறுதி செய்.'

முத்துவேலின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இன்னாடி பண்ண?"

"உங்களுக்கும் சேத்து எய்திட்டேன், நைனா. கதிரு கொட்டிக்கினு கீதே, பாக்கலியா?"

"ஏய், அத்த எடு," என்றார் சுகிர்தாவிடம். "அழி."

"நான் எதையும் தொடக் கூடாது சார். அடுத்தது நீங்கதான். உக்காந்து நீங்களே செய்யுங்க."

பாக்கியமேரி எழுந்துபோய் வாசல் நாற்காலியில், அவர் எழுந்து வந்த இடத்தில், உட்கார்ந்தாள். "அப்ப நானும் பாக்கறேன்."

ரத்து செய்யும் வசதி திரையின் மூலையில் மூன்று சின்னக் கோடுகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை யாரும் கண்டுபிடிப்பதில்லை என்று சுகிர்தா போன மாதமே கம்பெனியில் சொன்னாள். ரத்து சுலபமாக இருக்க வேண்டியதில்லை என்றார்கள்.

முத்துவேல் பச்சையை அழுத்தினார். தேதியை அழுத்தினார். மெஷின் படத்தை அழுத்தினார். கோடுகளுக்கு ஒரு விரற்கடைப் பக்கத்தில் இரண்டு முறை போய்த் திரும்பினார்.

"எங்க வெச்சிக்கீறீங்க அத்த?"

"எங்க இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"கிண்டலா?"

"எல்லார்கிட்டயும் இதேதான் கேப்பேன் சார்."

உண்மைதான். ஆனால் மற்றவர்களிடம் கேட்டபோது அவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் திரை சாம்பல் நிறமானது. 'பதிவு முடிந்தது.'

"திங்கக்கெழம மெஷினு என் வரப்புல ஏறட்டும், பாக்கறேன்," என்றார் முத்துவேல்.

"ஏறாட்டி போவுது," என்றாள் பாக்கியமேரி. "ரெண்டு பேரு நெல்லும் நிக்கும். பதினஞ்சி நாளு."

அவர் கதவு வழியாகக் கறுத்திருந்த மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, சுகிர்தாவின் கையைப் பார்த்தார்.

"நீ இன்னா எய்தற?"

"எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு."