ஜோசப்பின் டீச்சர் பேனர்

ஜோசப்பின் டீச்சர் நினைவு உதவித்தொகையை மேடையில் நேரில் வந்து வாங்காவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று கமிட்டி கறாராகச் சொல்லியிருந்தது. அதனால்தான் அமுதவல்லி தன் குத்தகை உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை மூடாமல் விட்டுவிட்டு, மகள் தமிழ்நிலாவின் முகத்தில் பவுடரை அப்பி, தொடக்கப்பள்ளிப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூடவும் வழியில்லை. தார்ப்பாய் போன வாரக் காற்றில் நார்நாராகிவிட்டது. உதவித்தொகை வந்தால் பிள்ளை டவுன் ஹாஸ்டலில் ஆறாவது சேரும். வராவிட்டால் அவளும் உப்புதான் வாருவாள்.

சிறப்பு விருந்தினர் பிரபாகரன் மைக்கைப் பிடித்த நேரம், கடல் பக்கம் வானம் கறுத்தது. அவர் டீச்சரின் பழைய மாணவர், இப்போது புதுச்சேரியில் டைல்ஸ் கடை முதலாளி. டைல்ஸ் மழையில் கரையாது. "இறுதியாக" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஓர் இடி இடித்தது, பந்தலில் ஒரு வரிசை காலியானது. மேகம் கறுத்தால் கல்யாணப் பந்தியில்கூடப் பாதி இலையில் எழுந்து உப்பளத்துக்கு ஓடுகிற ஊர் அது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டீச்சரே பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை விரட்டி விடுவார். பிரபாகரன் அதை மறந்துவிட்டு, டீச்சரின் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அமுதவல்லி மேடை ஏறினாள். பிரபாகரனுக்குப் பின்னால் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்த பேனரின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

தலைமை ஆசிரியர் சிவப்பிரகாசம் பதறி வந்தார். "ஏம்மா, டீச்சர் படம்மா அது. கீழ போட்றாத."

"கீழ போட மாட்டேன் சார். உப்பு மேல போடுவேன்."

பேச்சு நின்றது. டீச்சருக்குக் கீழே பிரபாகரனின் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டோ எடுக்கும்வரை அது அங்கே இருந்தாக வேண்டும். கட்டச் சொல்லி அவர் கையைக் காட்டினார்.

"பொண்ணு கையில குடுங்க, போட்டோ எடுங்க. அப்பறம் அவுத்துக்கறேன்," என்றாள்.

கமிட்டிக்காரர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தமிழ்நிலா உதவித்தொகைக் கவரை வாங்கினாள், கேமரா மின்னியது, வானமும் மின்னியது. பேனரின் ஒரு முனையை அமுதவல்லியும் மறு முனையைச் சிவப்பிரகாசமும் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினார்கள், கவரோடு தமிழ்நிலாவும் பின்னால் ஓடினாள்.

பேனர் எட்டவில்லை. ஒரு மூலை உப்பு மழையில் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

"இவ்ளோ பெரிய கடை வெச்சிருக்கான், பேனர இன்னும் ரெண்டடி பெருசா அடிச்சா என்ன," என்று திட்டிக்கொண்டே, அமுதவல்லி மகளிடமிருந்து கவரைப் பிடுங்கி, நனையாமல் பேனருக்கு அடியில் செருகினாள்.