கொடியில் நின்ற சேலை

ஓவியா தன் யூடியூப் சேனலுக்காக மொட்டைமாடியில் எடுத்த வடகம் பிழியும் வீடியோ முழுக்க ஆடிக் காற்றின் இரைச்சல். அதைப் போய், தேனியில் துணி கிளிப் தயாரிக்கும் பொன்னுராஜிடம் காட்டி ஸ்பான்சர் கேட்டாள்.

"நீ பேசுறது ஒன்னும் கேக்கலயேம்மா."

"கேக்க வேணாம் அண்ணாச்சி. எனக்குப் பின்னாடி கொடியில காயுற சேலையப் பாருங்க."

பார்த்தார். காற்று ஓவியாவின் துப்பட்டாவை முகத்தில் அப்பியது. முறத்தைத் தூக்கிக்கொண்டு போனது. சேலை மட்டும் படபடத்ததே தவிர, கொடியை விட்டு நகரவில்லை.

"நம்ம கிளிப்பா?"

"பின்ன? இதே மாதிரி மாடி மாடியாப் போயி எடுத்துத் தாரேன்."

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "அப்ப, சேலையே போதுமே. இதுல நீ எதுக்கு?"

ஓவியாவுக்குச் சுர்ரென்றது.

"சேலை நகராம நிக்குறது தெரியணும்னா, முன்னாடி அல்லாடுறதுக்கு ஒரு ஆளு வேணாமா அண்ணாச்சி?"