நாற்பத்தைந்துக்குப் பதினொன்று

படிவத்தோடு ஒரு பெண் வீடு வீடாக வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் செய்த முதல் வேலை, மகளின் படப் புத்தகத்தை ஆட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்ததுதான். நெடுந்தீவில் படிவம் என்றால் நிவாரணம். நிவாரணம் என்றால் வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. மனைவி தயானி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

நிலாந்தினி என்ற அந்தப் பெண் படகு ஆட்டத்தில் சத்தி எடுத்து வெளிறிய முகத்தோடு வந்து கதிரையில் இருந்தாள்.

"நிவாரணம் இல்லை அண்ணை. வீட்டுச் சூழலாலை சின்னப் பிள்ளையளின்ரை மூளை எப்பிடி வளருது எண்டு பாக்கிறம்."

சூழல் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். நிவாரணம் இல்லை என்றதை நான் நம்பவில்லை.

"பிள்ளைக்கு எட்டுற இடத்திலை புத்தகம் ஏதும் இருக்கோ?"

"மாட்டுக்கு ஊசி போட்ட அட்டை இருக்கு."

"விளையாட்டுச் சாமான்?"

"கோழி."

"பிள்ளையோட ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கதைப்பியள்?"

"நான் மாட்டோடதான் கூடக் கதைக்கிறனான். அதுகள் திருப்பிக் கதைக்காதுகள்."

"இவளும் திருப்பிக் கதைக்கிறேல்லைத்தானே," என்றாள் தயானி, மெல்ல.

எங்கள் கம்சிகாவுக்கு மூன்றரை வயது. அம்மா, தண்ணி, கோழி, வேண்டாம். அவளிடம் இருந்த சொற்கள் இந்த நாலும்தான். காதில் பிழையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நிலாந்தினி கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்துக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு நான் எடுத்த மார்க்கும் ஏறக்குறைய அதுதான். அடுத்த மாதம் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த முறை உண்மையைச் சொல்லிப் புள்ளியைக் கூட்டலாமே என்று ஆட்டுக்கொட்டிலுக்கு ஓடினேன். புத்தகத்தில் ஒரு யானையின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆடு என்னைவிட ஆர்வமாகப் படித்திருக்கிறது.

தயானி அடுப்பு மூட்டியபடி அழுதாள்.

"நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் கடைசி வாங்கிலை வாய் திறக்காமல் இருந்தனான். மொக்கு எண்டு பேரெடுத்துக்கொண்டு வீட்டை வந்தனான். இவளும் அந்த வாங்கிலைதான் இருக்கவேணுமோ? அந்தப் படிவக்காரப் பிள்ளை திரும்ப வரேக்கை இவள் ஒரு வசனமெண்டாலும் கதைக்கவேணும். மாட்டோட கதைக்கிறதை இவளோட கதையுங்கோ."

அது சோளகக் காற்றுக் காலம். கடலுக்குப் போக ஏலாது. பக்கத்து வளவு நாகமுத்து அண்ணையின் நாம்பன் மாடு இடித்து விழுத்திய எங்கள் மதிலைத் திருப்பி அடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மதில்களுக்குச் சீமெந்து இல்லை. கல்லுக்கு மேல் கல்லைப் பொருத்தி வைப்பதுதான். மகளை ஒரு கல்லில் இருத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினேன். முதல் நாளே கதை முடிந்துவிட்டது. பிறகு கல்லுகளுக்குப் பெயர் வைத்தேன்.

"இது பெரிசு, கீழ வைப்பம். இது சின்னன், இடையிலை செருகுவம். இது நாகமுத்து. கோணல். எறி. இது கொப்பர், நான்தான். சப்பை, ஒண்டுக்கும் உதவாது. எறி."

பிறகு மூலையில் ஒரு பொந்துக்கு எந்தக் கல்லும் பொருந்தாமல் நாகமுத்துவைத் தேடி எடுத்து வைத்தேன். கச்சிதமாக இருந்தது. "உவரை எடுத்தால் மதில் விழும்," என்று அதையும் சொல்லி வைத்தேன்.

கம்சிகா கல் எடுத்துத் தந்தாள். என் வாயைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. மாதம் முடிந்தது. கதைத்துக் கதைத்து எனக்குத்தான் தொண்டை கட்டியது.

நிலாந்தினி வந்தாள். தன் வீட்டு ரேடியோவை எங்கேயோ ஒளித்துவிட்டு, தனக்கும் படிவம் உண்டோ என்று பார்க்க நாகமுத்து அண்ணையும் வந்து நின்றார். நிலாந்தினி ஏழெட்டு மரக்கட்டைகளைப் பாயில் கொட்டி, "அடுக்குங்கோ பாப்பம், குஞ்சு," என்றாள்.

தயானி குசினி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்சிகா ஒரு கட்டையை எடுத்தாள். திருப்பினாள். வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். ஒரு பக்கம் உடைந்திருந்த கட்டை கைக்கு வந்ததும் அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினாள்.

"இது நாகமுத்து. கோணல். எறி."

எறிந்தாள். அது நாகமுத்து அண்ணையின் காலடியிலேயே போய் விழுந்தது.

தயானி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் பாய்ந்துவிடலாம் போலிருந்தது.

"ஆரடா கோணல்?" என்றார் நாகமுத்து அண்ணை.

கேள்வி எனக்கு. பதில் சொன்னது மகள். அவரை விரலில் பிடித்து மதில் மூலைக்கு இழுத்துப் போய்க் கல்லைக் காட்டினாள்.

"நாகமுத்து. எடுத்தா விழும்."

அவர் கல்லைத் தடவிப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. முகம் கொஞ்சம் இளகியது.

"அப்ப உன்ரை கொப்பர் எங்கை பிள்ளை?"

கம்சிகா வெளியே எறிபட்டுக் கிடந்த கழிவுக் கல்லுக் குவியலைக் காட்டினாள்.

நாகமுத்து அண்ணை சிரித்த சிரிப்பில் அவருடைய நாம்பன் அங்கிருந்து கத்தியது. நிலாந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினாள். 'மூன்று சொல்லில் வசனம் பேசுகிறாரா: ஆம்.' அதற்குக் கீழே, 'பிள்ளை கேட்கப் பெற்றோர் பிறரைக் கேலி செய்வதுண்டா: ஆம்.' ஒரு புள்ளி ஏறி, ஒரு புள்ளி இறங்கியது.

தயானி புள்ளியைக் கேட்கவில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். கண்ணைத் துடைத்தபடி சீனி போட்டாள். போட்டதை மறந்து திரும்பவும் போட்டாள். காலடியில் வந்து நின்ற கம்சிகா அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, சீனி காணும். வேண்டாம்."

அதை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று தயானி மூன்றாவது கரண்டியும் போட்டாள்.