அக்கரையில் நாற்பத்திரண்டு

மைதானம் முழுக்கக் கோடாலிச் சத்தம் கேட்டது. டொக். மூன்று விநாடி கழித்து மறுபடியும் டொக். ஈரப்புல்லில் ரப்பர் பூட்ஸோடு நடந்துகொண்டிருந்த ஐலா நின்று, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இங்கே, சாயங்காலக் கச்சேரிக்குப் பின்வரிசை வரும் இடத்தில், டொக்குக்கு வால் பிடித்தாற்போல் இன்னொரு குட்டி டொக் ஒட்டிக்கொண்டு வந்தது.

மற்ற ஒலிக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுத்தான் ஸ்பீக்கர்களைச் சரிபார்ப்பார்கள். ஐலா வைத்திருந்தது தன் வீட்டு முற்றத்தில் பிர்ச் மர விறகு பிளந்தபோது பதிவு செய்த சத்தம். பாட்டென்றால் மனசு அதோடு போய்விடும். விறகு பிளப்பதில் அந்த வம்பே இல்லை, ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாகக் கேட்டால் மேடைப் பெட்டியும் நடுமைதானத்துக் கம்பத்துப் பெட்டியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மேடைச் சத்தம் அறுபது மீட்டர் வந்து சேர்கிறவரை கம்பத்துப் பெட்டி வாயை மூடிக் காத்திருக்க வேண்டும்.

கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு எண்ணை மாற்றினாள். நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. டொக். இப்போது ஒன்றுதான் கேட்டது. திருப்தியாக இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள்.

மேடையின் இரு பக்கமும் பக்கத்துக்குப் பன்னிரண்டு பெட்டிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. சங்கிலி மோட்டாரில் அவற்றை ஏற்றி முடித்த ரைமோ, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சூடான சாசேஜில் கடுகு பிதுக்கிக்கொண்டிருந்தான். அவள் அண்ணாந்து பார்த்த விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்படிப் பாக்காதே. நான் சாப்பிடப் போறேன்."

"சாப்பிடு. சாப்பிட்டு ரெண்டு பக்கமும் இறக்கு. மேல் ரெண்டு பெட்டியும் இன்னும் ஒரு டிகிரி குனியணும்."

"ஒரு டிகிரியா? தாயே, ஒரு டிகிரிக்காக இருபத்திநாலு பெட்டியை இறக்கணுமா? என் இடுப்பு எத்தனை டிகிரி குனிஞ்சிருக்குன்னு பார்த்தியா?"

"போன வருஷம் அந்த ஒரு டிகிரிதான் நம்ம மானத்தை வாங்குச்சு."

போன வருஷக் கதை ரைமோவுக்கும் தெரியும். மாலைச் சூரியன் படத்தில் அழகாக விழ வேண்டும் என்று முதலாளி ஹன்னெஸ் மேடையை ஏரியைப் பார்த்து வைத்திருந்தார், இந்த வருஷமும் அப்படித்தான். அன்றைக்கு ஒலியைப் பார்த்தவன் உச்சிவெயிலில் காது வைத்து, பின்வரிசை மந்தமாக இருக்கிறதென்று பெட்டிகளை நிமிர்த்திவிட்டான். சாயங்காலம் ஏரிமேல் காற்று குளிர்ந்ததும் மொத்தச் சத்தமும் தண்ணீர்மேலேயே வழுக்கி அக்கரை முதியோர் இல்லத்தில் போய் இறங்கியது. புகார் நகராட்சிக்குப் போய், அனுமதியே பறிபோக இருந்தது.

ஏப்ரல் மாதம் ஹன்னெஸ் ஐலாவிடம் சொன்னார்: "இந்தத் தடவை அக்கரையிலிருந்து ஒரு போன் வரக்கூடாது. வரலேன்னா செப்டம்பர்லேருந்து உனக்கு நிரந்தர வேலை." ஆறு கோடையாக அவரிடம் நாள்கூலிக்கு நிற்கிறாள். குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய அண்டாக்களைத் தேய்க்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் அந்த அண்டாக்களைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. இன்றைக்கு அது நடக்கும் என்று உறுதியாக நம்பினாள். வேலை தெரியும் என்ற தைரியம்தான்.

ஒரு மணிக்கு இசைக்குழுவின் ஒலிக்காரன் காஸ்பர் ஹெல்சிங்கியிலிருந்து வந்து இறங்கினான். கறுப்புச் சட்டை, கழுத்தில் விலையுயர்ந்த ஹெட்போன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக அவளிடம் வந்தான்.

"எல்லாம் அருமையா இருக்கு. ஆனா பின்னாடி கொஞ்சம் பளிச்சுனு இல்லையே. மேல் பெட்டிகளைக் கொஞ்சம் நிமிர்த்தலாமா?"

"இப்ப பளிச்சுனு இருந்தா ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் காதைக் கிழிக்கும்" என்றாள் ஐலா. "வெயில்ல தரை சுடுது, சத்தம் மேல ஏறிப் போயிடுது. ஏழு மணிக்குத் தண்ணி குளுந்ததும் தானா இறங்கி வரும். ஒரு கும்பிடு போட்டுக் கேக்கறேன், ஏழு மணிவரைக்கும் பொறு. அப்பவும் மந்தமா இருந்தா என்னைத் தூக்கி ஏரியில போடு."

காஸ்பர் சிரித்துவிட்டான். "உன்னை நான் தூக்கறதா? சரி, உன் பேச்சுக்கு விடறேன்."

அவனிடம் அவளுக்குப் பிடித்தது அதுதான், சொன்னால் கேட்டுக்கொண்டான். ரைமோ முனகிக்கொண்டே பெட்டிகளை இறக்கினான். அவள் மேல் பெட்டிகளைச் சாய்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு கொண்டியையும் ஒரு துளை மாற்றி மாட்டினாள். நான்கு மணிக்குக் குழு மேடையேறி வாசித்துப் பார்த்தபோது, டிரம்ஸ்காரர் எழுந்து வந்து கீழே எட்டிப் பார்த்து, "யாரு இதைச் செஞ்சது? என் மேடைச் சத்தம் எனக்கே புரியுது!" என்று கத்தினார். ரைமோ கட்டைவிரலால் ஐலாவைக் காட்டினான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ஹன்னெஸ் ஒரு பென் டிரைவோடு வந்தார். "நீ போட்ட நம்பரையெல்லாம் இதுல ஏத்திக் குடு. ரெண்டு செட்டிங்கும், பகலுக்குப் போட்டது, சாயங்காலத்துக்குப் போட்டது. அந்தக் கோடாலிச் சத்தமும் இருக்கட்டும். நாளைக்கு உனக்குக் காய்ச்சல்னா யாராவது ஒருத்தர் பாத்துக்கணுமில்ல?"

நியாயமாகத்தான் பட்டது. ஏற்றிக் கொடுத்தாள். அவர் அதை வேன் சாவிகளோடு சேர்த்து வளையத்தில் மாட்டிக்கொண்டு, "நீ சத்தம் அளக்கற கருவியை எடுத்துக்கிட்டு அக்கரைக்குப் போயிடு. ஐம்பது டெசிபல்தான் அனுமதி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதி வை" என்றார். "இங்க டேப்லெட்டை ரைமோ வெச்சுக்கட்டும்."

"என் விரல் ஒவ்வொண்ணும் ரெண்டு பொத்தானை அமுக்குமே" என்றான் ரைமோ.

ஏரியைச் சுற்றிப் பதினேழு கிலோமீட்டர் ஓட்டி அவள் முதியோர் இல்லத்துப் படித்துறைக்கு வந்து சேர்ந்தபோது குழு இரண்டாவது பாட்டில் இருப்பதாக ரைமோ வாக்கி டாக்கியில் சொன்னான். அவளுக்கு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. தண்ணீர் பலகையில் மோதும் சத்தமும், எங்கோ ஒரு பறவையும்தான். மூன்றுகாலியில் கருவியை நிறுத்தினாள். நாற்பத்தொன்று. தாளில் எழுதிவிட்டு மரப்பலகையில் உட்கார்ந்தாள். எதிரே வெயில் சாய்ந்த மைதானத்தில் ஜனங்கள் கையைத் தூக்கி ஆடுவது தெரிந்தது. தன் கைவேலையை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. தானும் அங்கே நின்று கேட்டிருக்கலாமே என்று ஏக்கமாகவும் இருந்தது.

வெள்ளை அங்கி போட்ட ஒருத்தி சிகரெட்டோடு படியிறங்கி வந்தாள். இல்லத்து நர்ஸ். சட்டையில் மின்னா என்று பெயர் குத்தியிருந்தது.

"கச்சேரி ரத்தாயிடுச்சா?"

"இல்லை. நடந்துகிட்டிருக்கு."

"அட!" அவள் கண்ணைச் சுருக்கி எதிர்க்கரையைப் பார்த்தாள். "போன வருஷம் போன் பண்ணது நான்தான். பதினோரு பேர், ஒருத்தருக்கும் பொட்டுத் தூக்கமில்லை. ஒருத்தர் போர் வந்துடுச்சுன்னு கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. இன்னிக்கு எல்லாரும் தூங்கறாங்க, ஜன்னலைத் தொறந்து வெச்சிருக்கேன்."

ஐலா சிரித்தாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்போது போன் அடித்தது. ஹன்னெஸ். பின்னால் கண்ணாடிக் குவளைகள் உரசும் சத்தம்.

"ஐலா, பிரமாதம்! நகராட்சிக்காரங்க என் தோளைத் தட்டறாங்க. இங்க பாரு, அந்த செப்டம்பர் விஷயம். என் அக்கா பையன் படிப்பை முடிச்சுட்டு வரான். நீ போட்ட நம்பரெல்லாம்தான் இருக்கே, அவன் ஏத்திக்குவான். அடுத்த கோடைக்கு உன்னைக் கண்டிப்பா கூப்பிடறேன்."

"பென் டிரைவுக்குக் காத்து திரும்புறது தெரியாது, ஹன்னெஸ்."

"அதை நீ போன்ல சொல்லிட மாட்டியா என்ன?" அவர் உண்மையான நம்பிக்கையோடுதான் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

கோபத்தில் அவள் காதுமடல் எரிந்தது. அண்டாக்களின் அடிப்பிடித்த கஞ்சி வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. எழுந்து நின்றாள். அப்போதுதான் படித்துறைக் கொடிக்கம்பத்தின் நீளமான நீல வெள்ளைக் கொடி தளர்ந்து தொங்கி, மெல்ல இந்தக் கரைப்பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். கருவியில் நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. தண்ணீர்மேல் டிரம்ஸ் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. இல்லத்து மாடியில் யாரோ இருமினார்கள்.

நாற்பத்தொன்பது.

சும்மா இருந்துவிடலாம். இரண்டு நிமிஷம் போதும், ஐம்பதைத் தாண்டிவிடும், அப்புறம் ஹன்னெஸ் பாடு. அவள் திறந்திருந்த ஜன்னல்களை எண்ணினாள், பதினொன்று. வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு படித்துறையின் நுனிக்கு நடந்தாள்.

"ரைமோ, காத்து திரும்பிடுச்சு. மேல் ரெண்டு பெட்டியோட சத்தம், ரெண்டு பக்கமும். மூணு டெசிபல் இறக்கு."

"பாட்டு உச்சத்துல இருக்கு!"

"அங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இறக்கு. ஒரு விரலால."

"இறக்கிட்டேன். ஐலா, ஹன்னெஸ் சொன்னாரு. நான்..."

"நீ மேடைக்கு மேல இருக்கற கொடியைப் பார்த்துகிட்டே இரு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மின்னா சிகரெட்டை அணைத்துவிட்டு, பலகையில் கிடந்த தாளையும் பேனாவையும் எடுத்திருந்தாள். "நாளைக்கு நகராட்சிக்குப் போன் பண்ணி நல்ல வார்த்தை நாலு சொல்லணும், திட்ட மட்டுமா செய்யணும்? யார் பேரைச் சொல்றது? ஓ, இங்கேயே அச்சடிச்சிருக்கே." தாளின் அடியில் 'ஒலிப் பொறுப்பு' என்ற இடத்துக்கு நேரே இருந்த பெயரை ஐலாவின் பேனாவால் தன் புறங்கையில் எழுதிக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. "கூப்பிடறாங்க, வரேன்" என்று படியேறி ஓடினாள்.

ஐலா திரும்பி வந்தபோது பேனா தாளின்மேல் இருந்தது. 'ஒலிப் பொறுப்பு: ஹன்னெஸ்' என்ற அச்செழுத்தின் பக்கத்தில் மை சற்று இழுபட்டிருந்தது. டிரம்ஸ் கேட்கவில்லை. இல்லத்து மாடியில் ஒரு திரை காற்றில் வெளியே வந்து உள்ளே போயிற்று. அவள் கருவியைக் குனிந்து பார்த்து, நேரத்தைப் போட்டு, கட்டத்துக்குள் தெளிவாக எழுதினாள்: நாற்பத்திரண்டு.