மாலை போட்ட படம்

எங்கள் வாசிகசாலைத் தலைவர் ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு குணம். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடமாட்டார். கெடுத்தாலும் முழுதாகக் கெடுப்பார். தொண்ணூற்றொன்றில் கனகலிங்கத்தாருக்குக் கண்காட்சி வைத்ததும் அப்படித்தான்.

கனகலிங்கத்தார் வெங்காயத் தோட்டக்காரர். யாரிடமும் படிக்காமல் கரித்துண்டால் ஆட்களின் முகத்தைப் படமாகக் கீறுவார். பிள்ளையைச் சண்டையில் பறிகொடுத்த பல வீடுகளில் ஒரு படம்கூட இராது. ஓடிய ஓட்டத்தில் எல்லாம் போயிருக்கும். தாய் அழுதழுது அடையாளம் சொல்ல அவர் கீறுவார். அந்தப் படத்தை வைத்துத்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நடக்கும்.

தன் மகன் சிவரூபனை மட்டும் அவர் கீறவில்லை என்று ஊரே நம்பியது. எண்பத்து நாலில் அச்சுவேலிச் சந்தைக்குப் போன இடத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன் அவன். அப்போது பதினேழு வயது. இன்றுவரை தகவல் இல்லை. "செத்தவையைக் கீறுற கையாலை என்ரை பிள்ளையைக் கீறக்கூடாது" என்று தாய் பராசக்தியக்கா புருசனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு மகன் எப்படியும் வரப்போகிறவன்.

கண்காட்சிக்கு வீடுவீடாகப் படங்கள் வந்தன. அது போதாதென்று ஆழ்வாப்பிள்ளை, கனகலிங்கத்தார் தோட்டத்தில் நின்ற நேரம் பார்த்து, அவர் கொட்டிலில் சாக்கால் சுற்றி வைத்திருந்த படத்தையும் எடுத்துவந்துவிட்டார். மீசை வைத்த ஓர் இளந்தாரி. யாரென்று தெரியாது, கேட்கவுமில்லை. இவர் கீறினால் செத்த பிள்ளைதானே என்று, மற்றப் படங்களைப் போலவே சந்தனப் பொட்டு வைத்து, மாலையும் போட்டு மாட்டினார்.

விழாவன்று தாய்மார் அவரவர் பிள்ளையின் முன்னால் நின்று அழுதார்கள். பாராட்ட வந்த இடம் செத்தவீடாகிவிட்டது. கனகலிங்கத்தார் பொன்னாடையோடு கதிரையில் குனிந்தபடி இருந்தார். ஒவ்வொரு தாயாகத் தேற்றிக்கொண்டு வந்த பராசக்தியக்கா, கடைசிப் படத்தடியில் நின்றுவிட்டார். மீசை வைத்தால் பெற்றவளுக்குத் தெரியாதா?

"என்ரை பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டியளே" என்றார். சத்தமே போடவில்லை.

கனகலிங்கத்தார் ஓடிவந்தார். பொன்னாடை வழியில் விழுந்து கிடந்தது.

"இல்லையப்பா, வடிவாப் பார். போகேக்கை அவனுக்கு மீசை இருந்ததே? செத்தவனெண்டால் அந்தப் பதினேழு வயசிலையெல்லே கீறியிருப்பன். வருசா வருசம் அழிச்சழிச்சு வயசைக் கூட்டிக் கீறுறன். வரேக்கை எங்களுக்கு அடையாளம் தெரியவேணுமெல்லே."

பராசக்தியக்கா மாலையைக் கழற்றிக் கீழே போட்டார். கரி அழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து, சேலைத் தலைப்பின் நுனியால் பொட்டைத் துடைத்தார். பிறகு படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

"கன்னம் ஒட்டிப்போச்சு" என்றார் பராசக்தியக்கா. "பிள்ளை சாப்பிடுறேல்லையே?"

"நாளைக்குக் கொஞ்சம் நிரப்பிவிடுறன்" என்றார் கனகலிங்கத்தார்.