கைரேகைக் காகிதத்தின் பின்பக்கம்

பெருமாள் என்கிற அந்த ஆள் மஞ்சப்பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? நாற்காலியில் சம்பங்கி தாத்தா. பக்கத்தில் நின்றவள் என் பாட்டி வெங்கடம்மா இல்லை. குடியாத்தத்துப் பக்கம் அவர் விட்டுவிட்டு வந்த முதல் சம்சாரம், பார்வதம்மா. வந்திருந்தவர் அவளுடைய பேரன். தாத்தா சுரங்கத்தில் சேர்ந்த மறுவருஷம் ஊருக்குப் போய், அவளை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்த படமாம். என் பாட்டியை ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்காவது கூட்டிப்போயிருப்பாரா தெரியாது.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் இறங்கி ஏறியவர் தாத்தா. இருமி இருமி இந்தக் கம்பெனி லைன் வீட்டில்தான் செத்தார். கோழைச் சட்டியை எடுத்துக் கொட்டியவள் என் பாட்டி. அவளுக்கு மிஞ்சியதோ வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய கம்பெனிக் காகிதம் ஒன்றில் அவருடைய கட்டைவிரல் ரேகை. அதற்குக் கண்ணாடி போட்டு, சாமி படங்களோடு மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தாள். பாடுபட்டவளுக்கு விரல், ஊரில் உட்கார்ந்திருந்தவளுக்கு முகமா? இது எந்த ஊர் நியாயம்?

"எங்கப்பா படுத்த படுக்கையா கீறாரு," என்றார் பெருமாள். "உங்கம்மாவ அவன் அன்னிக்கே தலமுழுவிட்டான்னு ஊர்ல பேசுவாங்களாம். கம்பெனி பேப்பர்ல ஒரு எடத்துலயாவது எங்கம்மா பேரு போட்டுக்கீதான்னு பாத்துட்டு வாடான்னு அனுப்பிச்சாரு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த என் அம்மா தங்கம்மா சிரித்தாள். அவளுக்குப் பார்வை போய் மூன்று வருஷமாகிறது. "கண்ணாடிய கழட்டிக் காட்டுடி ராஜம். எங்கம்மா பேருதான் இருக்கும். வேற யாரு பேரு இருக்கும்?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. போட்டோக்காரருக்கு மூக்கு உடையட்டும். ஆணிகளை நெம்பி அட்டையை எடுத்தேன். தாத்தா செத்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு வருஷமாக யாரும் பார்க்காத பின்பக்கம். எல்லாம் இங்கிலீஷ். பெருமாளுக்கு அது தெரியாது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த எனக்குத் தெரியும்.

மனைவி, பார்வதம்மா. மகன் ஒன்று. அவ்வளவுதான். அடித்துத் திருத்தக்கூட இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள் ஆபீசுக்குப் போய், இன்னொரு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு நேரம் கிடைக்கவில்லையா? போய்ச் சேர்ந்த ஒருத்தியின் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. அந்த நிமிஷம் அவள் எதிரே நின்றிருந்தால் முடியைப் பிடித்திருப்பேன்.

"இன்னா போட்டுக்கீது தங்கச்சி?"

அம்மா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"மனைவி வெங்கடம்மா," என்றேன். "மக தங்கம்மா."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லீங்க."

"நான் சொல்லல?" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமாள் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"கடேசி வரைக்கும் கூட இருந்தவங்க பேரத்தான போடணும்." போட்டோவை அம்மாவின் மடியில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும்மா. பேரு இல்லன்னா உங்க வூட்லயே குடுத்துட்டு வரச் சொன்னாரு அப்பா. அப்பறம் எங்களுக்கு எதுக்கு?"

பங்காருப்பேட்டை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று காப்பிகூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அம்மா விரல்களால் போட்டோவைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா எந்தப் பக்கம்டி?" அவள் விரலைப் பிடித்துத் தாத்தாவின் முகத்தில் வைத்தேன். விரல் அங்கே நிற்காமல் பக்கத்துக்கு நகர்ந்தது. "அவ அழகா இருக்காளாடி?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஷிப்ட் விட்டிருந்தது. தெரு முழுக்க ஆட்கள், எல்லோர் முகத்திலும் அதே சாம்பல் தூசி.

"அண்ணே," என்று கூப்பிட்டேன்.

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாளின் வெள்ளை வேட்டி மட்டும் அவர்களுக்கு நடுவே முன்னால் போய்க்கொண்டிருந்தது.